பாடபுஸ்தகமும் பூக்கூடையும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, புத்தூர் நாலு ரோட்டில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமிருந்து பெருங்கூட்டம் ஒன்று வந்தது. குழுமாயி அம்மன் திருவிழா மாசியில்தானே, இப்போது என்ன விசேஷம் என்று யோசித்தோம். பிறகுதான் அன்று கலாசாலைகள் திறக்கும் நாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பிஷப் ஹீபர் கலாசாலை 1966-ஆம் வருஷம் முதல் நம் புத்தூரிலேயே இருப்பதால் இந்தக் காட்சி நமக்குப் புதிதன்று. கூட்டத்தில் முதல் வருஷத்துப் பிள்ளைகளை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர்கள் புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டாம் வருஷத்தார் அதைப் பைக்குள் வைத்திருப்பார்கள். மூன்றாம் வருஷத்தாரிடம் புஸ்தகம் இருந்து நாம் இதுவரை பார்த்ததில்லை.

அப்படிப் புஸ்தகத்தை அணைத்துக்கொண்டு வந்தவர்களில் நம் பழைய மாணவி ஒருத்தியும் இருந்தாள். நகரத்துக் கலாசாலை ஒன்றில் பொருளாதார சாஸ்திரம் எடுத்திருப்பதாகச் சொன்னாள். அவளுடைய தகப்பனாருக்கு அதில் அவ்வளவு திருப்தியில்லை. அவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். பெண் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடிட்டர் பரீக்ஷைக்காவது போக வேண்டும் என்பது அவர் ஆசை. "பொருளாதாரம் படித்து என்ன பொருள் வரப் போகிறது?" என்று நம்மிடமே இரண்டு முறை கேட்டிருக்கிறார்.

ஆவணி மாதத்தில் ஒரு மாலை அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்து, நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஒரு கோடு. விலை ஏறினால் ஜனங்கள் வாங்கும் அளவு குறையும், விலை இறங்கினால் கூடும் என்பதைக் காட்டும் படம் அது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷல் 1890-ஆம் வருஷம் வெளியிட்ட நூலின் மூலம் பிரசித்தமான இந்தக் கோடு, இன்று வரையில் உலகத்தில் உள்ள எல்லா ஸர்வகலாசாலைகளிலும் முதல் வருஷத்துப் பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டிருக்கிறது.

"ஸார், இந்தக் கோடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"படத்தில்தான் இருக்கிறதே!" என்றோம்.

"அது இல்லை, ஸார். புத்தூரில் எங்கே இருக்கிறது?"

நாம் திகைத்துப் போனோம். அதே சாஸ்திரத்தில் பட்டம் பெற்று இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. அந்தக் கோட்டை நூறு தடவையாவது வரைந்து மார்க்கு வாங்கியிருக்கிறோம். அது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூட நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. உபாத்தியாயர்களுக்குப் பதில் தெரியாதபோது ஒரு வழி உண்டு. கேட்டவரையே போய்ப் பார்த்துவரச் சொல்லிவிடுவது. நாமும் அந்த வழியையே கைக்கொண்டோம். நம் தெருமுனையில் முப்பது வருஷமாகப் பூக்கூடை வைத்திருக்கும் அம்மாளிடம் ஒரு மாதம் போய் உட்கார்ந்து, தினமும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் குறித்துக்கொண்டு வா என்று அனுப்பினோம்.

அந்த அம்மாள் விடியற்காலை ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூமார்க்கெட்டில் உதிரிப் பூ வாங்கி வந்து, வாழை நாரில் தொடுத்து, முழம் முப்பது ரூபாய்க்கு விற்கிறவர். ஒரு மாதம் கழித்துப் பெண் திரும்பி வந்தபோது முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. முகூர்த்த நாட்களுக்கு முதல் நாள் மார்க்கெட்டில் மல்லிகை விலை மூன்று மடங்கு வரை ஏறியிருந்தது. ஆனால் தெருமுனையில் முழம் முப்பது ரூபாய் முப்பதாகவே இருந்தது. வாங்கியவர்களின் எண்ணிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. "கோடு பொய், ஸார்" என்றாள்.

"அந்த அம்மாளிடமே கேட்டாயா?" என்றோம். கேட்கவில்லை. மறு நாள் போய்க் கேட்டாள். பூக்கார அம்மாள் சிரித்துவிட்டு, தம் வலக் கையை நீட்டிக் காட்டினாராம். சாதாரண நாளில் விரல் நுனியிலிருந்து முழங்கை மடிப்பைத் தாண்டி அளப்பார். முகூர்த்த நாளில் அளவு முழங்கைக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிடும். பூவின் நெருக்கமும் சற்றுத் தளர்ந்திருக்கும். "விலையை ஏத்தினா வாங்க மாட்டாங்க, கண்ணு. கையைக் குறைச்சா, தெரிஞ்சும் வாங்கிக்குவாங்க" என்றாராம்.

ஆகவே கோடு பொய்யன்று. அது அந்த அம்மாளுடைய முழங்கையில் இருந்தது. ரூபாய்க் கணக்கில் ஏறாத விலை பூக்கணக்கில் ஏறியிருக்கிறது. புஸ்தகத்தை மட்டும் படித்தவர் கோட்டைக் கண்டிருப்பார். கையைக் கண்டிருக்க மாட்டார். தெருவை மட்டும் பார்த்தவரோ கையைக் கண்டும் அதில் விசேஷம் ஒன்றுமில்லை என்று போயிருப்பார்.

இதற்குள் தகப்பனாருக்கு விஷயம் எட்டிவிட்டது. "பெண் தினமும் பூக்கடையில் உட்கார்ந்திருக்கிறாளாமே! கலாசாலைக்குச் சம்பளம் கட்டுவது இதற்குத்தானா, ஸார்?" என்று நேரில் வந்து கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. செமஸ்டர் பரீக்ஷையில் முழங்கையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. அவரை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, இரண்டு பழைய கதைகளைச் சொன்னோம். நேயர்களில் பலருக்கும் அவை தெரிந்திராது என்பதால் இங்கேயும் சொல்கிறோம்.

1915-ஆம் வருஷத்தில் சென்னை ஸர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று முதன்முதலாக ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதற்கு வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கலாசாலையின் தலைவராக இருந்தவர். வெள்ளைக்கார ஸர்க்கார் காலத்தில் வந்த வெள்ளைக்காரப் பேராசிரியர்தானே என்று நாம் அவரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இங்கிலாந்துப் புஸ்தகத்தில் உள்ளதை அப்படியே நம் பிள்ளைகளுக்கு ஒப்புவித்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போக அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு வினாப் பட்டியலைத் தயார் செய்து மாணவர்களின் கையில் கொடுத்து, 1916-ஆம் வருஷத்தில் அவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாருடையது, குத்தகை என்ன, கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி என்ன, கிணறு எத்தனை என்று பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள்.

அவர்கள் எழுதியவை 1918-ஆம் வருஷத்தில் புஸ்தகமாக வெளிவந்தன. திருநெல்வேலி ஜில்லாவின் கங்கைகொண்டான், தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டின் தூசி, அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த வடமலாபுரம் ஆகிய கிராமங்கள் அதில் இடம் பெற்றன. கலாசாலைப் பிள்ளைகள் எழுதியதுதானே என்று அது அலமாரியில் தூங்கிவிடவில்லை. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்ற இருவருடைய தலைமையில் 1936-37-இல் அதே கிராமங்களில் மறுபடியும் ஆராய்ச்சி நடந்து, 1940-இல் அது தனிப் புஸ்தகமாயிற்று. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற அம்மையார் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலானோர் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-ஆம் வருஷத்திலுங்கூட ஆராய்ச்சியாளர் போய் வந்து எழுதியிருக்கிறார்கள். ஒரே கிராமத்தை இப்படித் தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த வரலாறு உலகத்தில் அதிகம் கிடையாது. அதன் முதல் பக்கத்தை எழுதியவர்கள் கலாசாலைப் பிள்ளைகள்.

இரண்டாவது கதையைக் கணக்கரான தகப்பனாருக்கென்றே எடுத்து வைத்திருந்தோம். ஜே. சி. குமரப்பா நம் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் கற்று, பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய், கொலம்பியா ஸர்வகலாசாலையில் ஸர்க்காரின் வரவு செலவு சாஸ்திரத்தைப் படித்தார். ஆங்கில ஆட்சியின் வரிமுறை இந்தியாவை எப்படி ஏழையாக்குகிறது என்று அங்கே ஒரு கட்டுரை எழுதினார். 1929-இல் அதைக் காந்தியடிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடிகள் அதைத் தம் பத்திரிகையில் வெளியிட ஒப்புக்கொண்டார். அத்தோடு விட்டாரா? குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவுக்குப் போய், கிராமங்களின் வரவு செலவை வீடு வீடாகக் கணக்கெடுத்து வாருங்கள் என்று சொன்னார். குமரப்பாவுக்குக் குஜராத்தி பாஷை தெரியாது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணைக்குப் போனார்கள். சூட்டும் கோட்டுமாக வந்த ஆடிட்டர் அந்த வேலை முடிவதற்குள் கதர்ச் சட்டைக்காரரானார். 1934-இல் காந்தியடிகள் அகில பாரத கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது.

"ஆடிட்டரா!" என்றார் தகப்பனார். அந்த ஒரு வார்த்தை நாம் சொன்ன மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக வேலை செய்தது. பெண் மேற்கொண்டும் பூக்கடைக்குப் போகலாம், ஆனால் பரீக்ஷை மார்க்கு குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு எழுந்து போனார்.

அடுத்த பாடம் வட்டி. பணத்தின் விலையே வட்டி என்கிறது புஸ்தகம். பூக்கார அம்மாள் தினமும் காலையில் தண்டல்காரர் ஒருவரிடம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார். மாலையில் ஆயிரத்து ஐம்பது திருப்பித் தருகிறார். மறு நாள் காலையில் மறுபடியும் ஆயிரம். ஒரு நாளைக்கு ஐந்து சதவீதம். சாதாரண வட்டியாகக் கணக்கிட்டாலும் வருஷத்துக்கு 1,825 சதவீதம். இப்படிப்பட்ட தின வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் ஒன்று 2003-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது. தண்டல்காரர் தெருவில் இருக்கிறார்.

பெண் ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவந்தாள். நாமும் கூட உட்கார்ந்து சரி பார்த்தோம். அம்மாள் தினம் ஐந்து ரூபாயை மட்டும் எடுத்து வைக்கட்டும். மறு நாள் ஆயிரத்துக்குப் பதில் 995 வாங்கினால் போதும். வட்டியில் கால் ரூபாய் மிஞ்சும். அதையும் சேர்த்து வைத்தால் அடுத்த நாள் கடன் இன்னும் குறையும். பத்தாம் நாள் சுமார் 63 ரூபாய், முப்பதாம் நாள் 332, நாற்பதாம் நாள் 604, ஐம்பதாம் நாள் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அதாவது தினம் அரை டம்ளர் டீயை விட்டால், ஐம்பதே நாளில் தண்டல்காரருக்கு ஒரு கும்பிடு! நமக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூடியில் துளையிட்ட தகர டப்பா ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்தோம். ஐப்பசி முதல் தேதி அன்று ஆரம்பம்.

முதல் நாளே கணக்கு இடறியது. "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு குடுன்னு கேட்டா அந்தத் தம்பி சிரிக்கும், கண்ணு. ஆயிரம், இல்லாட்டி ஐந்நூறு. நடுவுல கிடையாது" என்றார் அம்மாள். ஆகவே வட்டியில் மிச்சமாகும் அந்தக் கால் ரூபாய் பிறக்கவே வழியில்லை. ஐந்து ரூபாய் டப்பாவுக்குள் வெறும் ஐந்து ரூபாயாகவே கிடக்கும். ஐந்நூறு சேர நூறு நாளாகும். கூட்டு வட்டியின் மகிமையெல்லாம் சில்லறை இல்லாத காரணத்தால் வாசலிலேயே நின்றுவிட்டது. போகட்டும், நூறு நாளே ஆகட்டும் என்று தொடர்ந்தோம். சில நாள் அம்மாள் பத்து ரூபாயும் போட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் டப்பாவில் நூற்று நாற்பது ரூபாய் இருந்தது. அதற்கு முந்திய மூன்று நாளும் விடாத மழை. தொடுத்த பூ விற்காமல் கூடையிலேயே கறுத்துப் போயிற்று. பூ போனாலும் மாலையில் ஆயிரத்து ஐம்பது கொடுத்தாக வேண்டும். நான்காம் நாள் பேரனுக்குக் காய்ச்சல். டப்பா திறக்கப்பட்டது. அது போதாமல் தண்டல்காரரிடமே இன்னும் ஐந்நூறு.

பெண் அழுதுவிட்டாள். நமக்கும் வெட்கமாக இருந்தது. ஐந்து ரூபாயை ஒதுக்குவது எளிது என்று தீர்மானித்தவர்கள் நாம். நமக்கு மாதம் பிறந்தால் சம்பளம், மழை பெய்தாலும் சம்பளம். அந்த அம்மாளோ எங்களைத் தேற்றினார். பிறகு அவர் சொன்னதை நாம் வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொண்டோம். "அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தம்பிதானே பணம் கொண்டாந்து குடுத்துச்சு? தினமும் வாங்கறதை நிறுத்திப்புட்டா, அப்படி ஒரு ராத்திரி நான் யார் கதவைத் தட்டறது? உங்க புஸ்தகத்துல மழைக்கு ஒரு கணக்கு இருக்கா, கண்ணு?"

நாம் வட்டி என்று எண்ணியதில் ஒரு பகுதி வட்டியே அன்று. மழை நாளுக்கும் காய்ச்சல் நாளுக்குமாக அவர் தினந்தோறும் கட்டி வந்த இன்ஷ்யூரன்ஸ் பணம் அது. இதனால் தண்டல்காரரைத் தர்மகர்த்தா என்று சொல்ல வரவில்லை. 1,825 சதவீதம் 1,825 சதவீதந்தான். இவ்வளவு அநியாயமான விலைக்கு அவர் என்ன சரக்கை விற்கிறார் என்று நாம் பார்க்கத் தவறினோம். 2020-ஆம் வருஷத்தில் தெரு வியாபாரிகளுக்கென்று மத்திய ஸர்க்கார் ஆரம்பித்த பத்தாயிரம் ரூபாய்க் கடனை இந்த அம்மாளும் வாங்கியிருக்கிறார். அது வந்த வாரமே வாடகைப் பாக்கிக்குப் போய்விட்டதாம். குறைந்த வட்டிக் கடன் ஒரு முறை வரும். தண்டல்காரர் தினமும் வருவார்.

நம் தோல்வி ஒன்றும் புதிதன்று என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் செந்தில் முல்லைநாதன், டீன் கார்லன் முதலானோருடன் சேர்ந்து, சென்னைக் கோயம்பேடு மார்க்கெட் வியாபாரிகளிடம் இதே ஐந்து சதவீதக் கடனை ஆராய்ந்திருக்கிறார். அவர்கள் டப்பாவோடு நிற்கவில்லை. வியாபாரிகளில் ஒரு பகுதியாரின் கடனை முழுவதும் தாங்களே அடைத்துவிட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலோர் சீக்கிரமே மறுபடியும் கடனில் விழுந்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியைப் பெண்ணுக்குக் காட்டினோம். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அவர்களுக்கும் மழையைத் தெரியவில்லையா, ஸார்?" என்று கேட்டாள். பாடபுஸ்தகத்தின் பிற்பகுதியில் இடர், சேமிப்பு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது இந்த செமஸ்டருக்கு இல்லையாம். அன்று இரவே அதைப் படித்துவிட்டாள்.

மாசி மாதத்தில் குழுமாயி அம்மன் திருவிழா வந்தது. குட்டிக்குடித் திருவிழா என்று பெயர் பெற்ற அந்த நாட்களில் புத்தூரில் பூவுக்குப் பஞ்சம் வந்துவிடும். அம்மாளுக்குச் செலவு போக எழுநூற்றைம்பது ரூபாய் நின்றது. இந்த முறை யோசனை சொன்னது பெண். நாம் வாயைத் திறக்கவில்லை. ஐந்நூறு ரூபாய் முதலாக ஒதுக்கப்பட்டது. மீதி இருநூற்றைம்பது புதிய டப்பா ஒன்றில் போடப்பட்டது. அதற்கு மழை டப்பா என்று பெயர். காய்ச்சலோ மழையோ வந்தால் மழை டப்பாவைத்தான் திறக்க வேண்டும். முதலைத் தொடக் கூடாது. அன்று முதல் அம்மாள் காலையில் ஐந்நூறு மட்டும் வாங்குகிறார். மாலையில் வட்டி இருபத்தைந்து. மிச்சமாகும் இருபத்தைந்தில் பத்து ரூபாய் மழை டப்பாவுக்குப் போகிறது. தண்டல்காரருடன் சண்டை ஒன்றும் இல்லை; கதவு திறந்தே இருக்கிறது.

இதை எழுதும் பங்குனி மாதத்தில் நான்கு வாரமாகிறது. ஒரு முறை டப்பா திறக்கப்பட்டது. பேரனுக்குச் செருப்பு. அது மழையா, காய்ச்சலா என்று பெண்ணுக்கும் அம்மாளுக்கும் சிறு விவாதம் நடந்து, அம்மாள் ஜயித்தார். ஐப்பசி மழை இன்னும் ஏழு மாதத்தில் வரும். அதற்குள் டப்பாவில் என்ன சேருமோ அதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

தகப்பனார் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருமுனைக்கு வருகிறார். வரவு, செலவு, முதல், மழை என்று நான்கு பத்தி கோடு போட்ட நோட்டு ஒன்றை அவரே தைத்துக் கொடுத்திருக்கிறார். சென்ற வாரம் பன்னிரண்டு ரூபாய் இடித்தது. முக்கால் மணி நேரம் நடைபாதையில் குந்தியிருந்து, அது நார் வாங்கிய காசு என்று கண்டுபிடித்த பிறகே எழுந்தார். பெண்ணின் பரீக்ஷை மார்க்கைப் பற்றி நாமாகவே விசாரித்தோம். "அறுபத்தெட்டு, ஸார். இன்னும் வாங்கியிருக்கலாம்" என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நேற்று மாலை, முகூர்த்தத்துக்கு முதல் நாள். வீட்டுக்குப் பூ வாங்கினோம். அம்மாளின் கை முழங்கைக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நம் முகத்தைப் பார்த்தாள். முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தோம்.